கோண அடைப்பு இல்லாத திரை

கடிதம் எழுத ஒரு பெட்டி. அதன் கீழே, எத்தனை எழுத்து ஆயிற்று என்று காட்டும் ஓர் எண். நண்பர் நடத்தும் சிறுபத்திரிகையின் இணையப் பக்கத்துக்கு இதைச் செய்துதரச் சொன்னார். வாசகர் கடிதம் ஆயிரம் எழுத்தைத் தாண்டக் கூடாதாம். அரை மணி நேர வேலைதான். ஆனால் எதை வைத்துச் செய்வது என்ற யோசனையே அரை நாளைத் தின்றுவிட்டது. ரியாக்ட் லைப்ரரியை இறக்கி, ஜேஎஸ்எக்ஸில் எழுதி, அதை உலாவிக்குப் புரியும் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கருவிகளை நிறுவி, அந்தக் கருவிகளுக்கு வேண்டிய வேறு கருவிகளையும் நிறுவி... ஒரு பெட்டிக்கும் ஓர் எண்ணுக்குமா இத்தனை? வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் என்ன? எழுதினால் எங்கே இடிக்கும்?

ஜேஎஸ்எக்ஸ் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு நடுவிலேயே ஹெச்டிஎம்எல் போன்ற குறிச்சொற்களைக் கோண அடைப்புக்குள் எழுதவிடும் எழுத்துமுறை. எந்த உலாவிக்கும் அது நேரடியாகப் புரியாது. பக்கத்தை வெளியிடுவதற்கு முன் ஒரு மொழிமாற்றி அதைச் சாதாரண ஃபங்ஷன் அழைப்புகளாக மாற்றிவிடுகிறது. கடைசியில் ஃபங்ஷன் அழைப்பாகத்தான் ஆகப்போகிறது என்றால் அதையே நாமே எழுதலாமே என்பது ஒரு கட்சி. அப்படி எழுதினால் கண்ணுக்கு வடிவம் தெரியாது, அடைப்புக்குறிகளை எண்ணியே வயதாகிவிடும் என்பது எதிர்க்கட்சி. இரண்டு தரப்பையும் வருடக்கணக்காகக் கேட்டுவிட்டேன். இரண்டும் திரையில் ஓர் உறுப்பை எப்படி உருவாக்குவது என்பதைப் பற்றியே வாதாடுகின்றன. உருவாக்கியதை அப்புறம் எப்படி மாற்றுவது என்பதில்தான் வலி இருக்கிறது. அந்த வலிக்கும் கோண அடைப்புக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது.

மூன்று வரிக்கு ஓர் உறுப்பு

1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதியதாகச் சொல்லப்படும் அந்த மொழியில், ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்தில் புதிதாக ஓர் உறுப்பைச் சேர்க்க வழியே இல்லை. டாக்குமென்ட்.ரைட் என்று ஒன்று இருந்தது. பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் எழுத்தைக் கொட்டலாம். இறங்கி முடிந்தபின் அதை அழைத்தால், இருந்த பக்கம் முழுவதும் துடைத்துப்போய்விடும். சுவரில் ஆணி அடிக்கப் போய் வீட்டை இடித்த கதை.

மைக்ரோசாஃப்ட் 1997இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4இல் இன்னர்ஹெச்டிஎம்எல்லைக் கொண்டுவந்தது. ஓர் உறுப்பின் உள்ளடக்கத்தை ஹெச்டிஎம்எல் சரமாகவே கொடுத்துவிடலாம்; மிச்சத்தை உலாவி பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு, 1998 அக்டோபர் 1 அன்று, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு டாம் என்ற ஆவண மாதிரியின் முதல் நிலையைத் தரநிலையாக அறிவித்தது. கிரியேட்எலிமென்ட், கிரியேட்டெக்ஸ்ட்நோட், அப்பெண்ட்சைல்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அந்தத் தரநிலை ஜாவாஸ்கிரிப்டுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. ஜாவா உட்பட எந்த மொழியிலிருந்தும் ஆவண மரத்தைக் கையாள முடிய வேண்டும் என்று எண்ணி வடித்தது. அதனால்தான் அதில் ஜாவாஸ்கிரிப்டுக்கு இயல்பான சுருக்கம் எதுவும் இல்லை. உறுப்பை உருவாக்கு, அதற்குப் பண்பைக் கொடு, தாயோடு சேர்: ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

என் கடிதப் பெட்டியை அந்த முறையில் எழுதினால், வெளியே ஒரு டிவ், உள்ளே ஒரு லேபிள், ஒரு டெக்ஸ்ட்ஏரியா, ஓர் எண் என்று நான்கே உறுப்புக்குப் பதினைந்து வரி பிடிக்கிறது. வரிகளின் எண்ணிக்கைகூடப் பெரிய குறை இல்லை. திரையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும் பொருள், நிரலில் இடது ஓரத்தை ஒட்டி வரிசையாக நிற்கிறது. எது எதற்குள் இருக்கிறது என்பதை வாசிப்பவர் மனத்திலேயே கட்டிப் பார்க்க வேண்டும். மரத்தை வெட்டி விறகாக அடுக்கிவைத்துவிட்டு, இதுதான் மரம் என்று காட்டுவதுபோல. வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவது கொடுமை என்ற பெயர் வந்தது இந்தப் பதினைந்து வரியால்தான். 2016 வாக்கில் உலாவிகளுக்கு வந்த அப்பெண்ட் என்ற எளிய முறை, பல உறுப்புகளையும் வெறும் சரங்களையும் ஒரே அழைப்பில் ஏற்றுக்கொள்கிறது. அதைப் பயன்படுத்தினால் வரிகள் கணிசமாகக் குறையும். ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான்.

எனவே எல்லோரும் சரத்தின் பக்கம் ஓடினார்கள். அன்றைய உலாவிகளில் அது வேகமாகவும் இருந்தது. பீட்டர்-பால் கோக் தன் க்வர்க்ஸ்மோட் தளத்தில் நடத்திய சோதனைகளில், கணு கணுவாகக் கட்டுவதைவிட இன்னர்ஹெச்டிஎம்எல் முந்தியது. சரத்தை ஒட்டி ஒட்டி ஹெச்டிஎம்எல் செய்வதில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வாசகர் தன் பெயரைக் கேட்கும் கட்டத்தில் பெயருக்குப் பதில் ஒரு குறிச்சொல்லைத் தட்டினால், அது எழுத்தாக நிற்காமல் உறுப்பாக உயிர்பெற்றுவிடும். இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாக வரும் ஸ்கிரிப்ட் குறிச்சொல் ஓடாது என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். இல்லாத ஒரு படத்தைக் காட்டச் சொல்லி, படம் வராதபோது ஓட வேண்டிய நிரலை அந்தப் படத்தின் பண்பாகக் கொடுத்தால் போதும், அது ஓடும்.

பயனர் எழுதியதைச் சரமாகவே பக்கத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதை 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளம் பார்த்தது. சாமி கம்கார் தன் பக்கத்தில் ஒளித்துவைத்த நிரல், பார்க்க வந்தவர்களின் பக்கங்களுக்கெல்லாம் தன்னையே நகலெடுத்துக்கொண்டது. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அவருக்கு நண்பர் விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள், அவர்களுக்கே தெரியாமல். மைஸ்பேஸ் இன்னர்ஹெச்டிஎம்எல் என்ற சொல்லையே வடிகட்டி நீக்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தச் சொல்லை இரண்டாக உடைத்து எழுதி, ஓடும் நேரத்தில் ஒட்டிக்கொண்டார். வெறும் ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு உறுப்பையும் உருவாக்கி, எழுத்தை டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாக வைப்பவருக்கு இந்தக் குழி இல்லை. அங்கே எழுத்து எப்போதும் எழுத்துதான். நீட்டி எழுதும் முறைக்கு இருக்கும் மிகப் பெரிய நியாயம் இது. அதைப் பலர் சொல்வதே இல்லை.

குறிச்சொல்லுக்குப் பதில் ஃபங்ஷன்

சரமும் வேண்டாம், பதினைந்து வரியும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஒரு ஃபங்ஷன். என் பெட்டி இப்படி ஆகும்:

டிவ்(லேபிள்("உங்கள் கடிதம்"), டெக்ஸ்ட்ஏரியா(), ஸ்பான்("0"))

உள்ளடுக்கு அப்படியே தெரிகிறது. மொழிமாற்றி தேவையில்லை. இதை நடத்தும் துணை ஃபங்ஷனை எழுதப் பத்து வரி போதும். பெயரைக் கொண்டு உறுப்பை உருவாக்கு, பண்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்து, மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் உள்ளே சேர், உறுப்பைத் திருப்பிக் கொடு.

இது புதிய எண்ணம் அல்ல. உலாவிக்கு வெளியே, சர்வரில், பெர்ல் மொழிக்காக லிங்கன் ஸ்டைன் எழுதிய சிஜிஐ.பிஎம் 1990களிலேயே தலைப்புக்கு ஒரு ஃபங்ஷன், பத்திக்கு ஒரு ஃபங்ஷன் என்று கொடுத்தது. உலாவியில் 2005இல் பாப் இப்போலிட்டோவின் மோச்சிகிட், டிவ், ஸ்பான் என்று பெரிய எழுத்தில் ஃபங்ஷன்களை வைத்திருந்தது. பின்னர் டொமினிக் டார் எழுதிய ஹைப்பர்ஸ்கிரிப்ட், எல்லாவற்றையும் ஹெச் என்ற ஓரெழுத்து ஃபங்ஷனுக்குள் அடக்கியது. சிஎஸ்எஸில் எழுதுவதுபோலவே புள்ளியும் ஹேஷ் குறியும் போட்டு வகுப்பையும் அடையாளத்தையும் ஒரே சரத்தில் கொடுத்துவிடலாம். அந்த ஹெச், லியோ ஹோரியின் மித்ரிலில் எம் ஆயிற்று. ப்ரியாக்டும் ஹெச்சையே எடுத்துக்கொண்டது. எவன் சாப்லிட்ஸ்கியின் எல்ம் மொழியில் வேறு வழியே கிடையாது. டிவ் என்பது ஒரு ஃபங்ஷன். பண்புகள் ஒரு பட்டியல், பிள்ளைகள் இன்னொரு பட்டியல். எல்மில் எழுதுகிறவர்கள் கோண அடைப்பு இல்லையே என்று ஏங்கி நான் பார்த்ததில்லை.

பெர்லின் கதை வேறு விதமாக முடிந்தது. சிஜிஐ.பிஎம்மைப் பராமரித்தவர்களே அதன் ஹெச்டிஎம்எல் ஃபங்ஷன்களை இனிப் பயன்படுத்தாதீர்கள், டெம்ப்ளேட் கோப்புகளுக்குப் போங்கள் என்று ஆவணத்தில் எழுதிவைத்தார்கள். 2015இல் பெர்ல் 5.22 வந்தபோது அது மொழியின் அடிப்படைத் தொகுப்பிலிருந்தே வெளியேறியது. பக்க வடிவமைப்பாளர் ஒருவர் வந்து ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமென்றால், அவருக்குத் தெரிந்தது ஹெச்டிஎம்எல். அவர் முன் ஃபங்ஷன்களை வைத்தால் கை நடுங்கும். ஃபங்ஷன் முறை தோற்ற இடங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு தொழில்காரர்கள் ஒரே கோப்பில் கைவைக்க வேண்டிய இடங்களாக இருக்கின்றன.

இந்த முறையில் கால் இடறும் இடங்களும் உண்டு. ஹெச்டிஎம்எல்லில் கிளாஸ் என்று எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸ்நேம் ஆகிறது. லேபிளின் ஃபார், ஹெச்டிஎம்எல்ஃபார் ஆகிறது. கிளாஸும் ஃபாரும் மொழி தனக்கென ஒதுக்கிவைத்த சொற்கள் என்பதால் வந்த வினை. இன்னும் நுட்பமானது அட்ரிப்யூட்டும் ப்ராப்பர்ட்டியும் வேறு வேறு என்பது. உள்ளீட்டுக் கட்டத்தின் வேல்யூ அட்ரிப்யூட் தொடக்க மதிப்பை மட்டும் சொல்கிறது. பயனர் இப்போது தட்டியிருப்பது ப்ராப்பர்ட்டியில்தான் இருக்கிறது. டிசேபிள்ட் என்ற அட்ரிப்யூட்டுக்கு "ஃபால்ஸ்" என்று சரம் கொடுத்தால் பொத்தான் பூட்டியே கிடக்கும், ஏனென்றால் அங்கே அட்ரிப்யூட் இருப்பதே கணக்கு, மதிப்பு அல்ல. ஆரியா எனத் தொடங்கும் அணுகல் பண்புகளை செட்அட்ரிப்யூட் வழியாகவே கொடுப்பது நல்லது. பத்து வரித் துணை ஃபங்ஷன் இந்த விதிவிலக்குகளைச் சேர்த்துச் சேர்த்து நாற்பது வரியாக வளர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் குழப்புவது எஸ்விஜி. கிரியேட்எலிமென்டைக் கொண்டு ஒரு வட்டத்தை உருவாக்கினால், மரத்தில் அது இருக்கும், ஆய்வுக் கருவியில் பார்த்தாலும் இருக்கும், திரையில் மட்டும் இருக்காது. எஸ்விஜி உறுப்புகளுக்குத் தனிப் பெயர்வெளி உண்டு. கிரியேட்எலிமென்ட்என்எஸ் என்று அதைச் சொல்லி உருவாக்க வேண்டும். இன்னர்ஹெச்டிஎம்எல் சரமாகக் கொடுத்தால் உலாவியின் வாசிப்பான் எஸ்விஜி குறிச்சொல்லைப் பார்த்ததும் தானே புரிந்துகொள்கிறது. நாமே கட்டும்போது அந்த வேலை நம் தலையில்.

மே மாதத்து இரண்டு செய்திகள்

மொழிக்குள்ளேயே குறிச்சொல்லை நுழைக்கும் ஆசையை ஃபேஸ்புக் கண்டுபிடிக்கவில்லை. எக்ஸ்எம்எல்லை ஜாவாஸ்கிரிப்டின் சொந்தத் தரவு வகையாகவே ஆக்கும் ஈ4எக்ஸ் என்ற நீட்டிப்பு, ஈசிஎம்ஏ-357 என்ற எண்ணில் 2004 ஜூனிலேயே தரநிலையாயிற்று. கோண அடைப்பை நிரலில் எழுதினால் மொழிமாற்றி எதுவும் இல்லாமலே ஃபயர்ஃபாக்ஸ் புரிந்துகொண்டது. மற்ற பெரிய உலாவிகள் அதைத் தொடவில்லை. ஓர் உலாவியில் மட்டும் ஓடும் எழுத்துமுறையை நம்பி யார் தளம் கட்டுவார்கள்? 2013 மே மாதம் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 21 அதை அடியோடு நீக்கிவிட்டது. அதே மே மாதக் கடைசியில், அமெரிக்காவில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில் ஃபேஸ்புக் ரியாக்ட்டை வெளியிட்டது. அதோடு ஜேஎஸ்எக்ஸும் வந்தது. உலாவிக்குள் செத்த எண்ணம், இரண்டு வாரத்தில் உலாவிக்கு வெளியே பிறந்தது.

ஈ4எக்ஸ் விழுந்த இடத்தில் ஜேஎஸ்எக்ஸ் நின்றதற்குக் காரணம், அது எந்த உலாவியின் தயவையும் எதிர்பார்க்கவில்லை என்பதே. அதன் வரைவு விவரக்குறிப்பே, இது உலாவிகளோ ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரங்களோ ஏற்க வேண்டிய ஒன்றல்ல, மொழிமாற்றிகளுக்கானது என்று சொல்லிவிடுகிறது. அதில் குறிச்சொல்லுக்கு எந்தப் பொருளும் விதிக்கப்படவில்லை. என்னவாக மாற்ற வேண்டுமென்பது மாற்றுகிறவர் பாடு. ஃபேஸ்புக்கில் அதற்கு முன்னோடியும் இருந்தது. பிஹெச்பி மொழிக்காக 2010இல் வெளியிட்ட எக்ஸ்ஹெச்பி. மேலே சொன்ன சாமி வகைத் தாக்குதல்களைத் தடுக்க, பயனர் தந்த சரத்தைத் தானாகவே எழுத்தாக மட்டும் நடத்தும்படி செய்வது அதன் முக்கிய நோக்கம். ஆக, கோண அடைப்பு நிரலுக்குள் வந்ததில் அழகு ஆசையோடு பாதுகாப்புக் கவலையும் கலந்திருக்கிறது.

அறிவித்த அன்று கிடைத்த வரவேற்பு மோசம். நிரலையும் தோற்றத்தையும் பிரித்துவை என்று பத்தாண்டாகச் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் முன்னால் இரண்டையும் ஒரே பானையில் போட்டால் வேறென்ன கிடைக்கும்? அந்த ஆண்டே ஐரோப்பிய ஜேஎஸ்கான்ஃபில் ரியாக்ட் குழுவின் பீட் ஹண்ட் இதற்குப் பதில் சொன்னார்: டெம்ப்ளேட் கோப்புகள் பிரிப்பது தொழில்நுட்பங்களை மட்டுமே, ஒரே காரியத்தின் இரு பாதிகள் அங்கே இரண்டு கோப்புகளில் கிடக்கின்றன. இந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் கவனித்தால், இது ஜேஎஸ்எக்ஸுக்கான வாதமே அல்ல. டிவ்(...) என்று ஃபங்ஷனாக எழுதுகிறவரும் இதே வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ரியாக்ட் ஆவணங்களும் தொடக்கம் முதலே ஜேஎஸ்எக்ஸ் கட்டாயமில்லை என்றுதான் சொல்லிவந்தன. ரியாக்ட்.டாம்.டிவ் என்று ஃபங்ஷன்களையும் கூடவே கொடுத்தார்கள். அவற்றை எடுப்பார் குறைவு. 2017இல் வந்த ரியாக்ட் 16இல் அவை தனிப் பொட்டலமாக ஒதுக்கப்பட்டன.

ஃபங்ஷன் முறை பாதுகாப்பில் எப்போதும் மேல் என்று நினைத்துவிடவும் வேண்டாம். உலாவியின் உண்மையான உறுப்பைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு ஆபத்து இல்லை. ரியாக்ட் திருப்பித் தருவது உறுப்பை அல்ல, உறுப்பைப் பற்றிய விவரம் தாங்கிய ஒரு சாதாரண ஆப்ஜெக்டை. சர்வரிலிருந்து ஜேசானாக வரும் தரவும் சாதாரண ஆப்ஜெக்ட்தானே? பயனர் ஒருவர் அதே அச்சில் ஒன்றைச் செய்து அனுப்பினால், எழுத்து வர வேண்டிய இடத்தில் அவர் விரும்பிய உறுப்பு முளைக்கும். 2015இல் ரியாக்ட் 0.14, தன் ஒவ்வொரு விவர ஆப்ஜெக்டிலும் சிம்பல் என்ற வகை முத்திரை ஒன்றைப் பொறித்தது. ஜேசானில் சிம்பலை எழுத முடியாது என்பதால் போலி உள்ளே வர முடியவில்லை.

எண் மாறும்போது

இப்போது என் பெட்டிக்குத் திரும்புவோம். வாசகர் தட்டத் தட்ட எண் மாற வேண்டும். எண்ணைத் தாங்கும் ஸ்பானை ஒரு மாறியில் பிடித்துவைத்துக்கொண்டு, இன்புட் நிகழ்வு நடக்கும்போதெல்லாம் அதன் டெக்ஸ்ட்கன்டென்டை மாற்றினேன். ஒரே வரி. எந்த ஃபிரேம்வொர்க்கும் இதைவிட வேகமாகச் செய்ய முடியாது, ஏனென்றால் எல்லா ஃபிரேம்வொர்க்கும் கடைசியில் செய்வது இந்த ஒரு வரியைத்தான்.

சோம்பலில் முதலில் வேறு விதமாக எழுதிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தட்டலுக்கும் பெட்டி முழுவதையும் சரமாகக் கட்டி இன்னர்ஹெச்டிஎம்எல்லில் போட்டேன். முதல் எழுத்திலேயே கர்சர் போயிற்று. பழைய டெக்ஸ்ட்ஏரியாவை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்திருக்கிறேன். கர்சர் எங்கே இருந்தது என்பது புதியதற்கு எப்படித் தெரியும்? தமிழ் தட்டுகிறவருக்கு இதில் இன்னொரு அடி. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கும் உள்ளீட்டு முறைகள் பலவற்றில், சொல் முடியும்வரை எழுத்து பாதி வெந்த நிலையில் நிற்கும். நடுவில் கட்டம் பறிபோனால் அந்தச் சொல்லும் பறிபோகும்.

இந்த எண்ணைப் போல மாறும் இடம் ஒன்று என்றால் மாறியில் பிடித்துவைப்பது எளிது. பத்து என்றால் சமாளிக்கலாம். வந்த கடிதங்களைப் பட்டியலாகக் காட்டு, தேதிப்படி அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத ஒரு கட்டம் வை, பாதி பதில் எழுதியிருக்கும்போது பட்டியலை மாற்றி அடுக்கினாலும் எழுதியது போகக் கூடாது என்று நண்பர் அடுத்த வாரம் கேட்டால், எந்தத் தரவு மாறினால் எந்தக் கணுவைத் தொட வேண்டும் என்ற கணக்கு கட்டுக்கடங்காமல் போகும். ரியாக்ட்டின் உண்மையான சரக்கு இந்த இடத்துக்கானது. முழுத் திரையின் விவரத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக் கொடு, பழைய விவரத்தோடு ஒப்பிட்டு மாறியதை மட்டும் நான் தொடுகிறேன் என்பது அதன் ஒப்பந்தம். ஜோர்டன் வாக் கொண்டுவந்த அந்த எண்ணத்துக்குக் கோண அடைப்பு வேண்டியதில்லை. மித்ரிலும் எல்மும் ஸ்னாப்டாமும் வெறும் ஃபங்ஷன்களோடு அதையே செய்கின்றன.

இன்னொரு பள்ளி உண்டு. 2010இல் ஸ்டீவ் சாண்டர்சனின் நாக்அவுட் பரப்பியது. இன்று சிக்னல் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. மதிப்பே தன்னை யார் படிக்கிறார்கள் என்று நினைவு வைத்துக்கொள்கிறது. மாறும்போது அவர்களுக்கு மட்டும் சொல்லி அனுப்புகிறது. ஒப்பிடும் வேலையே இல்லை. இங்கேதான் வெறும் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு சுவரில் முட்டுகிறது. ஸ்பான்(எண்ணிக்கை()) என்று எழுதினால், ஸ்பான் அழைக்கப்படுவதற்கு முன்பே எண்ணிக்கை கணக்காகி முடிந்துவிடும். ஸ்பானின் கையில் கிடைப்பது 0 என்ற செத்த எண் மட்டும். அது எங்கிருந்து வந்தது, பிறகு மாறுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஃபங்ஷனின் உள்ளீடுகள் முதலில் மதிப்பாகிவிடும் என்பது மொழியின் அடிப்படை விதி. அதைச் சுற்றிப்போக ஸ்பான்(() => எண்ணிக்கை()) என்று, மதிப்பைக் கொடுக்காமல் மதிப்பைக் கணக்கிடும் முறையைக் கொடுக்க வேண்டும். அந்தச் சின்ன அம்பை ஓரிடத்தில் மறந்தால் பிழை எதுவும் வராது. திரை மட்டும் அசையாமல் நிற்கும்.

ரையன் கார்னியாடோவின் சாலிட் இதே சிக்னல் வழியில் போகிறது. ஜேஎஸ்எக்ஸை அது ஏற்றுக்கொண்டது பழக்கத்துக்காக மட்டும் அல்ல. அதன் மொழிமாற்றி குறிச்சொற்களுக்கு நடுவே வரும் எண்ணிக்கை() என்பதைப் பார்த்ததும் தானே அந்த அம்பைப் போட்டுவிடுகிறது. அது மட்டுமா, எந்தப் பகுதி என்றுமே மாறாது என்பதை முன்கூட்டியே கண்டு, அந்தப் பகுதியை ஒரே அச்சாக வைத்துக்கொண்டு நகலெடுக்கிறது. ரிச் ஹாரிஸின் ஸ்வெல்ட் 2016 முதலே இந்த வழியில் இன்னும் தூரம் போயிருக்கிறது. தனி எழுத்துமுறை இருப்பதால் நிரல் ஓடுவதற்கு முன்பே அதன் வடிவத்தை ஒரு கருவியால் பார்க்க முடிகிறது. சாதாரண ஃபங்ஷன் அழைப்பை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஜேஎஸ்எக்ஸ் வெறும் சர்க்கரைப் பூச்சு என்று சொல்கிறவர்களோடு நான் முரண்படும் இடம் இது. ரியாக்ட்டில் அது பெரிதும் பூச்சுதான். சாலிடில் எலும்பு.

மொழிமாற்றி இல்லாமலே அந்த எலும்பைப் பெற ஒரு வழி 2015இல் ஜாவாஸ்கிரிப்டுக்குள் வந்தது: பேக்டிக் குறிகளுக்குள் எழுதும் டெம்ப்ளேட் சரம். அதன் முன்னால் ஒரு ஃபங்ஷனின் பெயரை ஒட்டினால், மாறாத துண்டுகள் ஒரு பட்டியலாகவும் நடுவில் செருகிய மதிப்புகள் தனித்தனியாகவும் அதன் கைக்கு வருகின்றன. அந்த மாறாத துண்டுகளின் பட்டியல், நிரலின் ஒரே இடத்திலிருந்து எத்தனை முறை வந்தாலும் அதே ஆப்ஜெக்ட்தான் என்று மொழி உறுதி தருகிறது. இந்தச் சிறு உறுதிமொழியில் 2017இல் இரண்டு பேர் வீடு கட்டினார்கள்: ஆண்ட்ரியா ஜியாமர்க்கி ஹைப்பர்ஹெச்டிஎம்எல்லையும், கூகுளின் ஜஸ்டின் ஃபக்னானி லிட்-ஹெச்டிஎம்எல்லையும். துண்டுகளை முதல் முறை மட்டும் வாசித்து அச்சாக்கு. அடுத்த முறை அதே பட்டியலைப் பார்த்தால் ஓட்டைகளை மட்டும் நிரப்பு. ப்ரியாக்ட்டை எழுதிய ஜேசன் மில்லர் 2018இல் இதே உத்தியால் ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான ஹெச்டிஎம் என்ற லைப்ரரியைச் செய்தார். அதில் எழுதுவது ஏறக்குறைய ஜேஎஸ்எக்ஸ் போலவே இருக்கும். உலாவி அப்படியே ஓட்டும். குறை என்னவென்றால் உள்ளே இருப்பது சரம். பெயரைத் தப்பாக எழுதினால், வகைகளைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் தானாக முணுமுணுக்காது. 2015இல் டைப்ஸ்கிரிப்ட் 1.6 ஜேஎஸ்எக்ஸைப் புரிந்துகொள்ளத் தொடங்கியதிலிருந்து அந்தச் சௌகரியத்துக்குப் பழகியவர்களுக்கு இது பெரிய இழப்பு. ஃபங்ஷன் முறைக்கோ அந்தச் சோதனை இலவசமாகவே கிடைக்கிறது.

கைபேசியில் எதிர்த்திசை

வலையில் குறிச்சொல் நிரலுக்குள் நுழைந்துகொண்டிருந்த அதே காலத்தில், கைபேசிச் செயலி உலகம் குறிச்சொல்லிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டில் திரையை எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிவந்தார்கள். 2021 ஜூலையில் 1.0 ஆன ஜெட்பேக் கம்போஸ் அதைக் காட்லின் ஃபங்ஷன்களாக்கியது. ஆப்பிள் 2019இல் ஸ்விஃப்ட்யூஐயைக் கொண்டுவந்தது. ஃப்ளட்டர் தொடக்கம் முதலே டார்ட் மொழியின் சாதாரண அழைப்புகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிறது. ஜேஎஸ்எக்ஸ் போல ஒன்று வேண்டுமென்று ஃப்ளட்டர்காரர்களிடம் பலர் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பதிலுக்கு எடிட்டரில் ஒரு வசதி வந்தது. ஒவ்வொரு மூடும் அடைப்புக்குறிக்கும் பக்கத்தில், இது எதை மூடுகிறது என்று சாம்பல் நிறத்தில் காட்டும். கோப்பில் அது எழுதப்படுவதில்லை, கண்ணுக்கு மட்டும். ஹெச்டிஎம்எல்லின் மூடும் குறிச்சொல் செய்யும் ஒரே உருப்படியான வேலையை எடிட்டர் ஏற்றுக்கொண்டுவிட்டது.

இதைக் காட்டி, பார்த்தாயா ஃபங்ஷனே வென்றது என்று வலைக்காரர்கள் சிலர் மகிழ்வதுண்டு. காட்லினில் ஃபங்ஷனின் கடைசி உள்ளீட்டை அடைப்புக்கு வெளியே நெளிவு அடைப்பில் எழுதலாம். காற்புள்ளி தேவையில்லை, உள்ளே இஃப்பும் ஃபாரும் தாராளமாக எழுதலாம். ஆப்பிளோ இதற்காக ஸ்விஃப்ட் மொழியின் இலக்கணத்திலேயே கைவைத்தது. கோண அடைப்பு இல்லாவிட்டாலும், மொழியே திரை எழுதுவதற்காக வளைந்துகொடுத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அப்படி வளையவில்லை. டிவ்(...)க்குள் இஃப் எழுத முடியாது, கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் போட்டே ஓட்ட வேண்டும். ஜேஎஸ்எக்ஸிலும் அதே கதிதான்.

என் பெட்டி

நான் கடைசியில் துணை ஃபங்ஷனோடு வெறும் ஜாவாஸ்கிரிப்டில்தான் எழுதினேன். காரணம் கொள்கை அல்ல. இரண்டு ஆண்டுக்கு முன் வேறொருவருக்குச் செய்த சிறு பக்கத்தில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருந்தது. திறந்தால், அதைக் கட்டிய கருவிகளில் பாதி என் கணினியில் இப்போது நிறுவவே மறுத்தன. ஒரு சொல்லுக்காக ஒரு மாலை போயிற்று. நண்பரின் பத்திரிகை ஐந்து ஆண்டு வரும், பத்து ஆண்டு வரும், நடுவில் ஒரு வருடம் நின்றும் போகும். மறுபடி தொடங்கும்போது கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்தால் ஓட வேண்டும். இந்தக் கணக்கைப் பெரியவர்களும் போடுகிறார்கள். 2021 டிசம்பரில் வந்த ரெய்ல்ஸ் 7, கட்டுமானக் கருவி இல்லாமல் உலாவியின் இம்போர்ட் மேப்பை நம்பும் வழியைத் தன் இயல்பு வழியாக வைத்தது. 2023இல் வந்த வேன்ஜேஎஸ், ஒரு கிலோபைட் அளவில் ஃபங்ஷன்களையும் சிக்னல் போன்ற மதிப்புகளையும் சேர்த்துத் தருகிறது. அந்தப் பட்டியல் கோரிக்கை வந்தால் அதைத்தான் எடுப்பேன் என்று நினைக்கிறேன். ஆறு பேர் குழு, நூறு திரை, மாதாமாதம் ஆள் மாறும் என்றால் யோசிக்காமல் ஜேஎஸ்எக்ஸ் பக்கம் போவேன். வருகிறவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

உலாவி தானே இதைத் தீர்த்து வைக்காதா என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. டெம்ப்ளேட்டில் ஓட்டைகளைக் குறித்து, பிறகு அவற்றை மட்டும் மாற்றும் வசதியை உலாவிக்குள்ளேயே வைக்கலாம் என்று ஆப்பிள் 2017இல் ஒரு முன்மொழிவு வைத்தது. பேச்சு நீண்டுகொண்டே போகிறது. உறுப்பை உருவாக்க 1998இலேயே தரநிலை வந்துவிட்டது. தரவு மாறினால் உறுப்பும் மாறு என்று சொல்ல இன்றும் லைப்ரரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பெட்டியில் ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. கோண அடைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "தமிழ்" என்று தட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்றது. இகரக் கொக்கியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்துகளைப் பிரித்துத் தரும் இன்ட்ல்.செக்மென்டரிடம் கொடுத்ததும் ஒழுங்காக 3 என்றது. ஆனால் "ஸ்ரீ"யை அது 2 என்று எண்ணுகிறது. நண்பரிடம் சொன்னேன். "இருக்கட்டும்ப்பா, ஸ்ரீ போட்டு ஆரம்பிக்கிற கடிதம் எப்படியும் ஆயிரத்தைத் தாண்டத்தான் போகுது" என்றார்.